பனிச்சங்கேணியில் தினமும் விழுந்த முள்

சென்னை பாரிமுனையில் ஒரு மாடிக் கடையில் அளவுமானிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். கொதிகலன் மானி, வெப்பமானி, காற்றழுத்தமானி எது கோளாறு செய்தாலும் இருபது வருடமாக என் மேசைக்குத்தான் வரும். சுனாமி அடித்த இலங்கைக் கிராமங்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு நிவாரணக் குழு எங்களிடம் சில காற்றழுத்தமானிகள் வாங்கியிருந்தது. சண்டை ஓய்ந்து, சனங்கள் ஊர் திரும்பி, மீண்டும் கடலில் இறங்கிய பிறகுதான் அவை சுவரில் ஏறின. ஏறி மூன்று மாதத்தில் ஒரு கடிதம் வந்தது.

"நீங்கள் தந்த காற்று மணிக்கூட்டில் முள் ஒவ்வொரு நாளும் விழுகிறது. தயவுசெய்து ஆள் அனுப்பவும். தவமணி, மீனவர் சங்கம், பனிச்சங்கேணி."

மணிக்கூடு என்றால் அங்கே கடிகாரம். அது போகட்டும். என் கையால் சரிபார்த்து அனுப்பிய மானி தினமும் விழுமா? எனக்குச் சுருக்கென்றது. முதலாளி தபாலில் இன்னொன்று அனுப்பிவிடலாம் என்றார். நான்தான் பிடிவாதமாகக் கிளம்பினேன். "ஒரு மானிக்காக நாடு தாண்டுவாயா?" என்று கேட்ட வீட்டுக்காரரிடம், "மானிக்காக இல்லை, மானத்துக்காக" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை மட்டக்களப்புப் பக்கம் போகும் பேருந்தில் இருந்தேன். மடியில் என் பயண மானி, மரப்பெட்டிக்குள். வழியில் சாப்பிட நிறுத்திய கடையில் இடியப்பமும், தேங்காய்ப் பால் விட்ட சொதியும், செக்கச்செவேலென்று ஒரு சம்பலும் வைத்தார்கள். நம் ஊரில் இடியாப்பத்துக்குச் சர்க்கரை போட்டுச் சாப்பிடுகிறவர்களை நினைத்து அந்த நிமிடமே வருத்தப்பட்டேன். இரண்டாம் தட்டு கேட்டபோது கடைக்காரர், "இந்தியாவோ? அதான்" என்றார். அந்த 'அதான்' எதற்கென்று இன்னும் புரியவில்லை.

சோதனைச் சாவடியில் ஏறிய சிப்பாய்க்கு என் பெட்டி மேல் சந்தேகம். திறக்கச் சொன்னான். பித்தளை வட்டத்தையும் முள்ளையும் உற்றுப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். பக்கத்து இருக்கையில் இருந்த பெரிய மனிதர் எனக்குத் தமிழாக்கினார்: "மணிக்கூடு நல்லாத்தான் இரிக்காம். நேரம்தான் பிழையாம்."

"மணிக்கூடு இல்லை, காற்றை எடை போடுகிற தராசு, முள் இறங்கினால் மழை என்று சொல்லுங்கள்" என்றேன்.

அவர் சொன்னார். சிப்பாய் யோசித்தான். பிறகு அவன் பேசியதன் தமிழ் இது: எங்கள் ஊரில் மழை இல்லை, குளம் காய்ந்து கிடக்கிறது, முள் இறங்கினால்தான் மழை வருமென்றால் அங்கே கொண்டுபோய்க் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள். இருபது வயது இருக்கும். சிரித்துக்கொண்டே பெட்டியை மூடித் தந்தான்.

மொழிபெயர்த்தவர் ஓட்டமாவடித் தயிர் வியாபாரி ஹனீபா காக்கா; காக்கா என்றால் அங்கே அண்ணன். அவர் பழக்கம் எனக்கு அன்றே உதவியது. ஓட்டமாவடிக்குச் சற்று முன்னால் பேருந்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நின்றுவிட்டது. நடத்துநர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, எல்லோரும் இறங்கித் தேநீர் குடிக்கலாம் என்றார். காக்கா கைப்பேசியில் யாரையோ கூப்பிட்டார். அரை மணியில் ஒரு லேண்ட்மாஸ்டர் வந்தது. இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கோத்தால் அதுதான் லேண்ட்மாஸ்டர். பெட்டி நிறையக் காலித் தயிர்ச் சட்டிகள். வடக்கே எருமைப் பட்டிகளுக்குப் போகிறதாம்.

"ஏறுங்க தங்கச்சி. பனிச்சங்கேணியால தானே போற. சட்டிய மட்டும் மிதிச்சிராதீங்க" என்றார் காக்கா, தானும் ஏறிக்கொண்டே.

மிதிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் சட்டிகளோடு சேர்ந்து நானும் கலகலத்தேன். ஒரு பக்கம் களப்பு என்கிற உப்பங்கழி, மறுபக்கம் புதிதாக விதைத்த வயல் வட்டைகள், அதற்கும் அப்பால் கடல். நண்பகல் தாண்டியதும் வயலின் புழுக்கத்தை உடைத்துக்கொண்டு கிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. சென்னையிலும் இதே நேரம் இதே காற்றுக்காகத்தான் ஊரே வாய் பிளந்து காத்திருக்கும். வெயிலில் தரை சீக்கிரம் சுடும், கடல் மெல்லத்தான் சுடும். சுட்ட தரைக்கு மேலுள்ள காற்று இலேசாகி மேலே போகும், அங்கே அழுத்தம் குறையும். அந்த இடத்தை நிரப்பக் கடல்மேலுள்ள கனத்த காற்று ஓடிவரும். நாம் விசிறியை நிறுத்திவிட்டு அனுபவிப்பது அந்த ஓட்டத்தைத்தான். இதை நான் காக்காவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடக்கரைக் காத்து மத்தியானம் வரும். அதுக்கு இவ்வளவு இரிக்கா?" என்றார்.

பனிச்சங்கேணியில் இறங்கும்போது மணி நான்கு. சங்கக் கட்டிடம் ஒற்றை அறை, தகரக் கூரை. வாசலில் ஒரு கம்பம். அதில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சிவப்புத் துணியை ஏற்றிக்கொண்டிருந்தாள். அதுதான் தவமணி. சங்கத்தின் எழுத்து வேலை அவளுடையது, மானி பார்ப்பதும் அவள்தான். முள் இறங்கினால் சிவப்புத் துணி, துணி ஏறினால் யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்பது சங்கத்தின் கட்டளை. வலை போடும் படகுகள் நாலரை மணிக்குப் போய் விடியத் திரும்புவது அங்குள்ள வழக்கம்.

துணி ஏறியது. அதற்குக் கீழேயே ஆண்கள் வலையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நடந்து போனார்கள். "தவமணிர துணி காயுது. மழைக்கு முதல் எடுத்திருகா" என்றான் ஒருவன். பதினொரு படகில் பத்து அப்போதே கடலில் இறங்கின.

"பாத்தீங்களா அக்கா?" என்றாள் தவமணி. "முதல் பத்து நாள் சொன்னத கேட்டாங்க. ஒவ்வொரு நாளும் துணி ஏற, ஒவ்வொரு நாளும் வானம் நல்லா இருக்க, மறுகா ஆர் கேக்கிற? இப்ப நான் பகிடியாப் போயிற்றன்."

மிச்சமிருந்த கடைசிப் படகுக்காரன் அவளுடைய தம்பி யோகன். என் பெட்டியைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டான். "நீங்களா அத செஞ்ச ஆள்? சண்டை நேரம் ஆமிக்காரன் மறிச்சான், பாஸ் கேட்டான். சண்டை முடிஞ்சு நிம்மதியா இறங்குவமெண்டா உங்கட மணிக்கூடு மறிக்குது. ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. துணியும் வேணாம், மணிக்கூடும் வேணாமெண்டு முடிவெடுக்கப் போறம்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, விருந்தாளிக்குச் செய்தி சொல்வதுபோலச் சொன்னான்.

அவன் போனதும் தவமணி என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "இனித்தான் அக்கா மாரி. புயல் வாற காலம். கூட்டத்துக்கு முதல் இத திருத்தித் தாங்க. உண்மையா ஒரு நாள் வரும். அண்டைக்கு இவங்க துணிக்குக் கீழால போயிருவாங்க. என்ட தம்பிதான் முதல் ஆளாப் போவான்."

சனிக்கிழமை விடிந்ததும் மானியைக் கழற்றினேன். பெட்டிக்குள் காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு உலோகச் சிமிழ் இருக்கும். வெளிக்காற்று கனத்தால் அது நசுங்கும், இலேசானால் உப்பும், முள் அதைச் சொல்லும். சிமிழ் நன்றாக இருந்தது. சுருள் நன்றாக இருந்தது. உப்புக் காற்றில் துருப் பிடித்த ஒரு திருகைத் தவிர எல்லாம் நான் அனுப்பியபடியே. என் பயண மானியைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழுது இருந்தால் திருத்தலாம். பழுதே இல்லாத மானியை என்ன செய்வது?

அன்று முழுவதும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மணிக்கொரு தரம் எழுதினேன். தவமணி அவ்வப்போது எதையாவது தின்னக் கொண்டுவந்தாள். மத்தியானம் களப்பு நண்டு, முருங்கையிலை போட்ட ஆணம் என்கிற குழம்பு. காலை பத்து மணிக்குச் சங்கத்தைத் திறந்ததும் அவள் என்ன செய்தாள் என்பதையும் எழுதினேன். மானியில் அடையாளத்துக்கென்று இன்னொரு பித்தளை முள் உண்டு. அதைத் திருகி அசல் முள்ளின் மேல் வைத்தாள். பிறகு நான்கு மணிக்கு, படகுகள் கிளம்பும் முன், போய்ப் பார்த்தாள். அசல் முள் பித்தளை முள்ளுக்கு மூன்று கோடு கீழே. துணியை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனாள். என் மானியும் மூன்று கோடு இறங்கியிருந்தது. வானம் கழுவி விட்டது போலிருந்தது.

ஏழு மணிக்குப் பிட்டும் மீன் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டே மானியைப் பார்த்தேன். முள் யாரும் தொடாமலே மறுபடி மேலே போய்க்கொண்டிருந்தது. கையிலிருந்த பிட்டு கையிலேயே நின்றது.

பாலிடெக்னிக்கில் படித்துப் பரீட்சை முடிந்ததும் மறந்துபோன பாடம் அது. வெயில் மேலடுக்குக் காற்றைச் சூடாக்குவதால் காற்று மண்டலமே நாளுக்கு இரண்டு முறை மெல்ல ஏறி இறங்குகிறது. காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் மேடு, பிற்பகல் நான்குக்கும் விடியற்காலை நான்குக்கும் பள்ளம். குளிர் நாடுகளில் அது கண்ணுக்கே தெரியாது. நம்மைப் போல வெயில் நாட்டில் இருப்பவர்களுக்கு முள் தெளிவாகக் காட்டும். இவர்கள் சங்கம் திறக்கும் நேரம் பத்து, படகு போகும் நேரம் நாலரை. மேட்டில் நின்று குறித்துக்கொண்டு பள்ளத்தில் நின்று பார்த்தால் தினமும் விழாமல் என்ன செய்யும்?

"காலையில் குறித்து மாலையில் பார்க்கச் சொன்னது யார்?" என்று தவமணியிடம் கேட்டேன். குரலில் கொஞ்சம் மிடுக்கு இருந்திருக்கும்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். மானியோடு வந்த விளக்கத் தாள். 'காலையில் முள்ளைக் குறித்துக்கொள்ளவும். மாலையில் இறங்கியிருந்தால் புயல் நெருங்குகிறது.' அந்தத் தமிழை எழுதியது நான். வெளிநாட்டுத் தாள் ஒன்றைப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் அரை மணியில் மொழிபெயர்த்துக் கொடுத்தது. இவள் அதை எழுத்துப் பிசகாமல் மூன்று மாதம் செய்திருக்கிறாள், ஊர் சிரிக்கச் சிரிக்கச் செய்திருக்கிறாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சொன்னேன். ஒரு திருகை மாற்றிவிட்டுப் பழுது தீர்ந்தது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்ததையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப நான் பகிடி இல்ல. நீங்கதான்!"

பாத்திரம் கழுவும்போதுதான் அவள் இன்னொன்று கேட்டாள். "சுனாமியண்டைக்கு இது இங்க இருந்திருந்தா காட்டியிருக்குமா அக்கா?"

அவள் கணவரைச் சுனாமி கொண்டுபோனது, கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தபோது. அது எனக்கு முன்தினமே தெரியும். ஆமாம் என்று சொல்ல நாக்கு வந்தது. ஆனால் ஒரு தாளில் பொய் எழுதியது போதும். "இல்லை தவமணி. அது கடலுக்கு அடியில் நிலம் ஆடி வந்தது. இது காற்றை மட்டும்தான் அறியும். கண் கொட்டாமல் பார்த்திருந்தாலும் முள் அசைந்திருக்காது."

அவள் கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அது நல்லம்" என்றாள். "ஆராவது பாத்திருந்தா தப்பியிருப்பார் எண்டு நினைச்சு நினைச்சுத்தான் இந்த வேலைய கேட்டு எடுத்தன். அப்ப ஒருத்தரிலயும் பிழையில்ல. ஆனா புயல காட்டும் தானே?"

"காட்டும்."

"அது காணும். வேற ஒண்டும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் எழுந்து நின்று, பிழை மானியிலும் இல்லை, தவமணியிலும் இல்லை, என்னில்தான் என்றேன். கிடைத்த வரவேற்பு பலமாக இருந்தது. சிரிப்பு ஓயவே ஐந்து நிமிடம் ஆனது. புது விதி எளிது. இன்றைய பத்து மணியை நேற்றைய பத்து மணியோடு ஒப்பிட வேண்டும், நான்கை நான்கோடு. அப்போது தினசரி ஏற்ற இறக்கம் கழிந்துவிடும், மிஞ்சுவதுதான் சங்கதி. "பிட்டுப் பானையைத் திறந்தால் ஆவி மேலே போகிறதல்லவா, அப்படித்தான் இலேசான காற்று மேலே போகும். போகப் போகக் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மேகமாகும். விட்ட இடத்தைப் பிடிக்கச் சுற்றிலுமிருந்து காற்று பாயும். முள் நேற்றையைவிட நன்றாக இறங்கினால் அந்தப் பாய்ச்சல் வருகிறது என்று அர்த்தம்" என்றேன்.

யோகன் எழுந்தான். "சரி. இண்டைக்குத் துணி உண்டா?"

அதற்குள் மணி நான்காகியிருந்தது; தவமணி முள்ளையும் என் சனிக்கிழமைக் கணக்கையும் பார்த்தாள். "நேத்து நாலுமணியும் இண்டைக்கு நாலுமணியும் சமம். துணியில்ல."

"மூணு மாசத்தில முதல் தரம்" என்றான் யோகன். கூட்டம் கை தட்டியது. மானி பிழைத்தது. ஆனால் யோகன் என்னிடம் வந்து, "விதி நல்லம். நான் வானத்தத்தான் பாப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை நான் கிளம்ப வேண்டியது. பத்து மணிக்கு விடைபெறச் சங்கத்துக்குப் போனேன். தவமணி மானிக்கு முன்னால் அசையாமல் நின்றாள். முள் மேட்டில் இருக்க வேண்டிய நேரம் அது. நேற்றைய பத்து மணிக்கு நான்கு கோடு கீழே கிடந்தது.

நான் என் பெட்டியைத் திறந்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. வெளியே அப்படி ஒரு வெயில். துணி துவைத்தால் அரை மணியில் காயும். இன்றும் பொய்த்தால் இந்தப் பெண் ஆயுளுக்கும் நிமிர முடியாது.

"ஏத்தட்டா?" என்றாள்.

"ஏற்று" என்றேன்.

மூன்று மணிக்கெல்லாம் ஆட்கள் கரைக்கு வந்துவிட்டார்கள். பாரை மீன் ஓடுகிற வாரம். துணியைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், யோகனைப் பார்த்தார்கள். "அக்கா, இது என்ன பழைய கதையா?" என்று சொல்லிக்கொண்டே அவன் படகைத் தண்ணீருக்குத் தள்ளினான். அவன் தள்ளியதும் இன்னும் நாலு பேர் தங்கள் படகில் கை வைத்தார்கள்.

தவமணி நடந்து போனாள். ஆறு வருடமாகக் கடல் தண்ணீர் காலில் படவிடாதவள் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். முழங்கால் வரை இறங்கி, சேலையைப் பிடித்துக்கொண்டு, தம்பியின் படகில் ஏறி நடுப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னகா செய்யிறாய்? இறங்கு."

"நீ போறாய் தானே? நானும் வாறன்." இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்திருந்தாள். "எடு எஞ்சின."

அவன் எடுக்கவில்லை. அக்காளின் கையையே பார்த்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். அப்போதுதான் ஒரு கிழவர், "மத்தியானக் காத்து இண்டைக்கு வரல்ல, கவனிச்சீங்களாடா?" என்றார். உண்மைதான். கடல் காற்று வரவேயில்லை. பனை ஓலை ஒன்றும் ஆடவில்லை. யோகன் திரும்பிக் கடலைப் பார்த்தான். பிறகு படகை அக்காளோடு சேர்த்துக் கரைக்கு இழுத்தான்.

ஐந்தரை மணிக்குக் காற்று வந்தது, வர வேண்டிய திசையிலிருந்து அல்ல, வடக்கிலிருந்து. கிழக்கு வானம் கன்னங்கறேலென்று எழுந்தது. படகுகளை எல்லோருமாகப் பிடித்து மேட்டுக்கு ஏற்றி முடிப்பதற்குள் மழை. கடல் போட்ட கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. அதில் பதினொரு படகும் இருந்திருந்தால் என்று நினைக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு நாள் கொட்டியது. களப்பைக் கடக்கிற தாழ்ந்த சாலையான தாம்போதி மூழ்கிவிட்டதால் நான் எங்கும் போக முடியாது. சங்கக் கட்டிடத்தில் பாதி ஊர் ஒதுங்கியது. மூன்று கல் அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றி, களப்பு இறாலும் மரவள்ளிக் கிழங்கும் போட்டு ஒரு கூழ் காய்ச்சினார்கள். ஹனீபா காக்கா தயிர்ச் சட்டிகளோடு வந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். தயிர் கெட்டுவிடும் என்று சொல்லி அவரே எல்லோருக்கும் அகப்பையால் போட்டார். மணிக்கொரு தரம் யாராவது ஒரு ஆள் தற்செயலாக நடப்பதுபோல் சுவர்ப் பக்கம் போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தார். யோகன் போனதை மட்டும் நான் எண்ணினேன். புதன்கிழமை மட்டும் ஒன்பது முறை.

வியாழக்கிழமை மழை விட்டது. வானம் தெளியவில்லை, சாம்பல் பூசினாற்போல் தொங்கியது. ஆனால் காலைப் பத்து மணிக்கு முள் நேற்றையைவிட ஐந்து கோடு மேலே ஏறியிருந்தது. மேலேயிருந்து கனத்த காற்று இறங்கி அமர்ந்துவிட்டால் மேகம் மெல்லக் கலைந்துவிடும். தவமணி அதைத் தன் கொப்பி நோட்டில் எழுதினாள். தாம்போதியில் தண்ணீர் வடிந்துவிட்டது. காக்காவின் லேண்ட்மாஸ்டர் என்னை ஏற்றிக்கொண்டு போகத் தயாராக நின்றது. நான் ஏறவில்லை. நான்கு மணியைப் பார்க்காமல் போக மனமில்லை.

மூன்றரைக்குப் பதினொரு படகும் தண்ணீர் ஓரத்தில் வரிசையாக நின்றன. வலை ஏற்றி, எண்ணெய் ஊற்றி, எல்லாம் முடிந்துவிட்டது. ஒருவரும் தள்ளவில்லை. யாரும் வானத்தைப் பார்க்கவுமில்லை. எல்லோரும் சங்க வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே தவமணி ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

யோகன் கரையிலிருந்து கூப்பிட்டான். "அக்கா! போகட்டா?"

அவள் ஒரு வாய் தேநீர் குடித்தாள். "பொறு. நாலு மணியாகல்ல."

அவன் படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தான்.